சம்பந்தியம்மாவுக்கு ஒரு மெயில், ஒம்பது மணிக்குள்ள

ஒம்பது மணிக்குக் கரண்ட் போயிரும். மாசாந்திரப் பராமரிப்பாம், போனா சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் திரும்பி வரும். இப்ப எட்டு பத்து. அம்பது நிமிசம் இருக்குது புஷ்பலதா, அம்பது நிமிசத்துல உன்னால ஒரு மெயில் அடிக்க முடியாதா, இருவத்தெட்டு வருசம் மில் ஆபீசுல டைப்பிஸ்டா இருந்தவ, மேனேஜர் வாயைத் தொறந்து மூடறதுக்குள்ள ஒரு பக்கம் அடிச்சுக் குடுத்தவ, நேத்தும் இப்படித்தான் உக்காந்தே, முந்தாநேத்தும் உக்காந்தே, "அன்புள்ள கியோமி அவர்களுக்கு"ன்னு அடிச்சே, அப்பறம் எந்திரிச்சுப் போயி பாத்ரூம் பக்கெட்டைக் கழுவுனே. இன்னைக்கி கழுவறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லை. மருமக ஷிஹோ தண்ணி பூராப் புடிச்சு வெச்சுட்டா, மிக்சியில சட்னி அரைச்சுட்டா, இப்ப வீட்ல இருக்கற அத்தனை போனையும் வரிசையா சார்ஜ்ல போட்டுட்டு இருக்கா. ஆறு மாச வயித்தோட இந்தப் பொண்ணு ஓடற ஓட்டம் இருக்குதே, உக்காருன்னு சொன்னா உக்காரும், நாம திரும்புனா எந்திரிச்சுரும். "அத்தை, இன்னும் அம்பது நிமிசம்ங்க"ன்னு அடுப்படியில இருந்து குரல் குடுக்கறா. எல்லாத்துக்கும் ஒரு 'ங்க' போட்டுருவா. நான் பெரியவங்களுக்குத்தான் போடோணும்னு சொல்லித் தரல, அவளும் கேக்கல, அதனால குக்கருக்கும் மரியாதை கெடைக்குது, காக்காய்க்கும் கெடைக்குது. "காக்கா வந்துட்டாருங்க"ம்பா. அதைத் திருத்த எனக்கு மனசே வரல.

அன்புள்ள கியோமி அவர்களுக்கு. சரி. அடுத்தது வானிலை. அவங்க ஊர்ல கடுதாசின்னா மொதல்ல வானிலைதான், அதுக்கப்பறந்தான் விசயம். எனக்கு அது ஆரம்பத்துல தெரியாமப் போச்சு. கல்யாணம் முடிஞ்சு மொத மெயில் வந்தப்ப, நவநீதன் இந்தக் கம்ப்யூட்டர்ல எனக்குச் சொல்லிக் குடுத்தான், அம்மா, வரியை இப்படி இழுத்துப் புடி, வலது பக்கம் அமுக்கு, 'மொழிபெயர்'னு வரும், பக்கத்துலயே 'அகராதியில் பார்'னும் வரும், புரியாத வார்த்தைக்கு அதை அமுக்குன்னு. அமுக்குனேன். ஜப்பான் எழுத்து பூரா மாயமாப் போயி தமிழா நிக்குது. "காலையும் மாலையும் குளிர் அதிகரித்துள்ளது"ன்னு வந்துது. நான் என்ன பண்ணேன், ஐயோ பாவம், மனுசி ஒத்தையில இருக்குது, குளிருக்குப் போத்தக்கூட ஒண்ணும் இல்லையாட்டமிருக்குதுன்னு சென்னிமலைப் போர்வை ரெண்டு வாங்கிப் பார்சல் போட்டுட்டேன். அடுத்த மெயில்ல போர்வைக்கு நாலு வரி நன்றி, அப்பறம் வெயில் காலத்துல வந்த மெயில்ல "வெயில் கடுமையாக உள்ளது"ன்னு ஒரு வரி. நான் மண்பானை அனுப்பலாமான்னு யோசிச்சுட்டு இருந்தப்பத்தான் ஷிஹோ சிரிப்பை அடக்க முடியாம வாயைப் பொத்திட்டு உக்காந்துட்டா. "அத்தை, அது சும்மாங்க. நீங்க நலமான்னு கேப்பீங்க இல்ல, அது மாதிரிங்க"ன்னா. அன்னைக்கிருந்து நானும் வானிலை போடறேன். "இங்கு மேற்கே மேகம் இறங்கியிருக்கிறது. ஐப்பசி பிறந்தால் மழை வரும்." அடிச்சாச்சு. மணி எட்டே கால்.

இனி விசயம். விசயம் என்னன்னு எனக்கும் தெரியும், கியோமிக்கும் தெரியும், ஷிஹோவுக்கும் தெரியும், வேலைக்குப் போயிருக்கற நவநீதனுக்கும் தெரியும், முன்னால பேப்பர் படிச்சுட்டு இருக்கற என்ற வீட்டுக்காரருக்கே தெரியும். டாக்டரம்மா போன வாரம் சொல்லிப்போட்டாங்க, அம்மா வீட்டுக்கு அனுப்பறதா இருந்தா ஏழாம் மாசம் முடியறதுக்குள்ள ப்ளேன் ஏத்திருங்க, அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்கன்னு. மொதப் பிரசவம் பொண்ணோட அம்மா வீட்லதான். எங்க வழக்கம் அப்படி. அவங்க வழக்கமும் அப்படித்தானாம், அகராதியில நானே பாத்தேன், பொறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போறதுக்குன்னே அவங்களுக்கு ஒரு தனி வார்த்தை இருக்குது. ஆனா எங்கள்ல பொண்ணைப் பெத்தவங்க வந்து கேக்கோணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தானாக் கொண்டுபோயி விட்டா, வெச்சுப் பாக்க முடியாம தள்ளிவிட்டுட்டாங்கன்னு பேச்சு வந்துரும். அதனால கியோமி கேக்கட்டும்னு நான் இருந்தேன். அஞ்சு மெயிலா இருக்கேன். அவங்க கேக்கல. கேக்காததுல எனக்கு எத்தனை சந்தோசம்னு வெளிய சொன்னா வெக்கக்கேடு. ஒவ்வொரு மெயிலும் வந்ததும் அவசர அவசரமா மொழிபெயர்ப்பை அமுக்கி, கடைசி வரி வரைக்கும் ஓட்டிப் பாத்து, அப்பாடா, இந்தத் தடவையும் கேக்கல. அவங்க கேக்கல, நான் அனுப்பல, என் மேல என்ன தப்பு இருக்குது?

போனா வரமாட்டா. அதான் பயம். இதைச் சொல்றதுக்கு எத்தனை நாள் சுத்திச் சுத்தி வந்தேன். நவநீதன் அந்த நகோயா ஊர்ல ரெண்டு வருசம் மோட்டார் கம்பெனியில ட்ரெய்னிங் இருந்தான், அப்பப் பழகித்தான் இவளைக் கட்டுனான், அதே கம்பெனிக்காரங்க மறுபடியும் வான்னு கூப்புட்டுட்டே இருக்கறாங்க. பொண்டாட்டியும் கொழந்தையும் அங்க இருந்தா இவன் என்னத்துக்கு வடவள்ளிக்குத் திரும்பி வர்றான், கொழந்தை ஜப்பான்ல பேசும், என்னை வீடியோவுல பாத்துத் தலையை ஆட்டும், நான் இங்க இருந்து தலையை ஆட்டோணும், இப்ப நானும் கியோமியும் ஆட்டிக்கறோமே அப்படி. போன்ல பேசுனா பத்து நிமிசம் ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கும்புட்டுக்கறோம், அதுக்கு மேல ஓடாது, அதுக்கோசரந்தான் மெயில். ஷிஹோவை நடுவுல வெச்சுப் பேசலாம். வெக்கக் கூடாது. சம்பந்திக பேச்சு சம்பந்திகளோட போகோணும், நடுவுல நிக்கற பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் அடி விழும். எனக்குத் தெரியாதா அது.

"அத்தை, மேல் தொட்டிக்கு மோட்டார் போட்டுட்டேன்ங்க. முப்பத்தஞ்சு நிமிசம்ங்க." சரி கண்ணு, உக்காரு. உக்கார மாட்டா. அவகிட்டக் கேட்டனே, பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தப்ப, உனக்கு எங்க வேணும் கண்ணு, மறைக்காமச் சொல்லுன்னு. "அத்தை சொல்றபடிங்க"ன்னா. கத்தி நிக்கவே இல்ல. ஒரே அளவுல விழுது பீன்ஸ். உங்கம்மா ஏன் கேக்க மாட்டேங்கறாங்கன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் கத்தி நின்னுது. "அம்மா கேக்க மாட்டாங்கங்க. கேட்டா, அத்தை இல்லைன்னு சொல்றதுக்குக் கஷ்டப்படுவீங்க. அது அம்மாவுக்குப் புடிக்காதுங்க." அப்படின்னா அவங்க நான் சொல்லுவேன்னு காத்திருக்கறாங்க, நான் அவங்க கேப்பாங்கன்னு காத்திருக்கறேன், நடுவுல ஒரு கொழந்தை அது பாட்டுக்கு வளந்துட்டு இருக்குது. மரியாதைக்குப் பொறந்த ரெண்டு பேரு சேந்தா இப்படித்தான் ஆகும். ரெண்டுல ஒருத்தி சண்டைக்காரியா இருந்திருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்.

கேக்கலைன்னு சொல்றது பொய்யி, புஷ்பலதா. மேல போயிப் பாரு, பழைய மெயில் அத்தனையும் இருக்குது. ஆகஸ்ட்டுல என்ன எழுதுனாங்க? "வெயில் நன்றாக இருந்ததால் ஷிஹோவின் பழைய மெத்தையை வெளியே காயவைத்தேன்." செப்டம்பர்ல? "காற்று இதமாக இருந்தது. ஷிஹோவின் அறைத் திரைச்சீலைகளைத் துவைத்தேன்." போன மெயில்ல, "மாலை சீக்கிரம் இருட்டிவிடுகிறது. அந்த அறையின் விளக்கை மாற்றினேன்." நான் இதையெல்லாம் வானிலைக் கணக்குல சேத்துட்டேன். எனக்குப் புரியாமலா? மெத்தையைக் காயவெக்கறவ எதுக்குக் காயவெக்கறான்னு எந்தப் பொம்பளைக்குப் புரியாது? அந்தக் கடைசி மெயில்ல ஒரு பூவோட பேர் இருந்துது, அந்த வாசனை பள்ளிக்கூடத்து அடுப்படி வரைக்கும் வருதுன்னு எழுதியிருந்தாங்க, கியோமி பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பண்றவங்க. பேரைப் புடிச்சு அகராதியை அமுக்குனேன். விளக்கம் வந்துது, கூடவே படமும் வந்துது, சின்னச் சின்னதா ஆரஞ்சுப் பூவு, செடி நெறைய. கண்ணு இங்க வா, இதா உங்க ஊர்ப் பூவுன்னு கூப்புட்டேன். வந்தா. பாத்தா. குனிஞ்சு, அந்த ஸ்க்ரீன்ல மூக்கை வெச்சு மோந்தா. சும்மா வெளையாட்டுக்குத்தான், அவளும் சிரிச்சா, நானும் சிரிச்சேன். அப்பறம் நிமிந்தவ சிரிக்கல. மேசைத் துணியை நேராக்கிட்டுப் போயிட்டா.

எட்டு முப்பத்தி மூணு. அடி. "ஷிஹோ நன்றாக இருக்கிறாள். அவள் எங்களுக்கு மகள் மாதிரி. மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே எல்லா வசதியும் இருக்கிறது. நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். இந்த வயதில் இவ்வளவு தூரம் சிரமப்பட வேண்டாம்." நல்லாத்தான் இருக்குது. அன்பா இருக்குது. வலது பக்கம் அமுக்கு, ஜப்பானுக்கு மாத்து. ஆச்சு. இப்ப ஒப்புப் பாக்கோணும். மில்லுல கடுதாசி அடிச்சு முடிச்சா அப்படியே அனுப்ப மாட்டோம், ஒருத்தி படிக்க ஒருத்தி எழுத்து எழுத்தா ஒப்புப் பாப்போம், நானும் சகுந்தலாவும், இருவத்தெட்டு வருசத்துல ஒரு கடுதாசி ஒப்புப் பாக்காம வெளிய போனதில்லை. இப்ப சகுந்தலா பக்கத்துல இல்ல, இந்த மிசின்தான் சகுந்தலா. ஜப்பான்ல இருக்கறதைத் திரும்பவும் தமிழுக்கு மாத்திப் படிச்சா, நான் சொன்னது அங்க என்னவாப் போயி நிக்குதுன்னு தெரிஞ்சுரும். அமுக்கறேன். "உங்கள் மகள் எங்களிடம் இருக்கிறாள். அவள் நலமாக உள்ளாள். எங்களிடம் அனைத்து வசதிகளும் உள்ளன. நீங்கள் வரத் தேவையில்லை."

அட ஏஞ்சாமி! ஆளைக் கடத்திட்டுப் போனவன் எழுதுன கடுதாசி மாதிரியல்ல இருக்குது! இன்னும் எங்க வந்து பணம் குடுக்கோணும்னு மட்டுந்தான் எழுதல. சிரிப்புத் தாங்க முடியல, வாயைப் பொத்திக்கறேன், பேப்பருக்குப் பின்னால இருந்து "என்ன, ஒத்தையில சிரிக்கறே"ன்னு இவரு கேக்கறாரு, ஒண்ணுமில்லீங்க, நீங்க படிங்க. மிசினுக்கு அறிவு இல்ல, அன்பைப் பூராத் தின்னுபோட்டு எலும்பைத் துப்புது. மாத்தி அடிக்கலாம். 'எல்லா வசதியும் இருக்கிறது' அப்படிங்கறதைக் கொஞ்சம் நயமா. எல்லா வசதியும். இங்க எல்லா வசதியும் இருக்குதுங்க. நீங்க எதுக்கும் கவலைப்பட வேண்டாமுங்க.

இதை நான் அடிக்கல. இது வேற ஒருத்தர் சொன்னது. எங்க மாமியார் சொன்னது. இதே வீடு, அப்ப ஓட்டு வீடு, எனக்கு ஏழாம் மாசம். அம்மா தாராபுரத்துல இருந்து கட்டுச்சோறு கொண்டுட்டு வந்துச்சு. எங்க பக்கம் அதான் முறை, பொண்ணைப் பெத்தவ புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்சோறுன்னு கட்டிக் கொண்டாந்து மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாத்துக்கும் அது கையால போட்டுட்டு, பொண்ணைக் கூட்டிட்டுப் போவா. அஞ்சு தூக்குப்போசி. ரெண்டு பஸ் மாறி, மடியில வெச்சுட்டே வந்துச்சாம், ஒரு பருக்கை சிந்தல. எல்லாரும் சாப்புட்டாங்க. மாமியார் புளிச்சோத்தை ரெண்டு தடவை வாங்கிச் சாப்புட்டாங்க, நெசமாலுமே ருசிச்சுத்தான் சாப்புட்டாங்க. கையைக் கழுவிட்டு வந்து சொன்னாங்க, "இங்க எல்லா வசதியும் இருக்குதுங்க, ஆஸ்பத்திரி கிட்டத்துலயே இருக்குது. நீங்க எதுக்கும் கவலைப்பட வேண்டாமுங்க." அவங்களைக் கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். பேரன் கையை விட்டுப் போயிருமோன்னு பயம், இப்ப எனக்கு இருக்குதே, இதே பயம். அம்மா அஞ்சு போசியையும் நல்லாக் கழுவிக் கவுத்து வெச்சுது, தண்ணி வடியட்டும்னு. நாலரை பஸ்சுக்குக் கெளம்பிப் போயிருச்சு. என்ற துணிப்பை கதவுக்குப் பக்கத்துல கட்டி வெச்சபடியே இருந்துது. நவநீதன் பொறந்த மூணாம் நாள் வந்துச்சு, ஒறம்பரை வந்த மாதிரி ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிட்டு. என்னைப் பெத்தவ என்னைப் பாக்க ஆப்பிள் வாங்கிட்டு வந்துச்சு. அதை எங்க மாமியாரு சாகற வரைக்கும் என்னால மறக்க முடியல, செத்தப்பறமும் மறக்கல. இப்ப என்னடான்னா அதே வாயி என் வாயாட்டம் இருக்குது. நானே அடிச்சிருக்கேன், ஒரு எழுத்துப் பிசகாம. ஒப்புப் பாத்தா சரியா இருக்குது.

"பதினஞ்சு நிமிசம்ங்க, அத்தை." குரல் இந்தத் தடவை கதவுகிட்ட இருந்து வருது. நிக்கறா, ஒரு கை இடுப்புல, ஒரு கையில என்ற காப்பி டம்ளரு. காப்பி ஆறிப்போச்சுன்னு சுடவெச்சுக் கொண்டாந்திருக்கா. என்ன எழுதறேன்னு எட்டிப் பாக்கல. பாத்தா அவளுக்கு ரெண்டு பாசையும் புரிஞ்சுரும், அதுக்கோசரமே சுவத்தைப் பாத்துட்டுக் காப்பியை வெச்சுட்டுப் போறா. இந்தப் பொண்ணை நான் எப்படிடா விட்டுட்டு இருப்பேன். வெடியால எந்திரிச்சு யாருக்கு வணக்கம் சொல்றது, யாரு குக்கருக்கு மரியாதை குடுக்கறது. அழுகாதே புஷ்பலதா, மணி எட்டே முக்கா. அத்தனையும் அழி. வானிலையை மட்டும் விட்டுரு. அடி.

"எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஏழாம் மாதத்தில் பெண்ணின் அம்மா கட்டுச்சோறு கட்டி வந்து, மாப்பிள்ளை வீட்டில் எல்லாருக்கும் தன் கையால் போடுவார். பிறகு பெண்ணை அழைத்துப் போவார். நீங்கள் வர வேண்டும். என் அடுப்படியில் சமையுங்கள். புளிச்சோறு வேண்டாம், உங்கள் ஊர்ச் சோறு எதுவானாலும் கட்டுங்கள். ஐப்பசி கடைசிக்குள் வந்து ஷிஹோவை அழைத்துப் போங்கள். அந்த அறையில் அவள் தூங்கட்டும்." இன்னும் ஒண்ணு இருக்குது, அதைச் சொல்லாம அனுப்புனா நான் மனுசியே இல்ல, எனக்கும் ஆசை இருக்குதில்ல. "குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்து நான் வந்து இருவரையும் கூட்டி வருவேன். அதுவும் எங்கள் வழக்கம். எனக்குப் பாஸ்போர்ட் இல்லை. எடுத்துவிடுகிறேன்." வலது பக்கம். ஜப்பான். மறுபடியும் தமிழ். ஒப்புப் பாரு. "வாருங்கள். எங்கள் அனைவருக்கும் சமையுங்கள். உங்கள் மகளை அழைத்துச் செல்லுங்கள். பிறகு நான் வருகிறேன். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை." மரியாதையெல்லாம் தின்னுட்டுத்தான் துப்பியிருக்குது. ஆனா இந்தத் தடவை திருத்தறதுக்கு ஒண்ணும் இல்ல. அனுப்பு. அமுக்கு. அமுக்குடி. போச்சு.

எட்டு அம்பத்திரெண்டு. அங்க மணி பன்னெண்டரை ஆகப்போகுது, பிள்ளைக சாப்புட்டுட்டு இருக்கும், கியோமி கையைத் தொடைச்சுட்டு செத்த உக்கார்ற நேரம். உடனே ஒண்ணும் பாக்க மாட்டாங்க. பாத்தாலும் யோசிச்சு, வானிலை பாத்து, ரெண்டு நாள் கழிச்சுத்தான் எழுதுவாங்க, எப்பவும் அப்படித்தான். காப்பி மறுபடியும் ஆறிப்போச்சு. தப்புப் பண்ணிட்டனா? கூட்டிட்டு வருவேன்னு எழுதிட்டேன், வந்து நிக்கறப்ப அங்க எல்லாரும் என்னைப் பாத்து, இங்க எல்லா வசதியும் இருக்குதுன்னு சொன்னா? சொன்னா என்ன, நானும் போசியைக் கழுவிக் கவுத்துட்டு வருவேன். இல்ல, வரமாட்டேன், அங்கயே உக்காந்துக்குவேன், எங்கம்மா மாதிரி நான் பேசாம வர்ற ஆளில்ல. எட்டு அம்பத்தேழு. ட்டிங்னு ஒரு சத்தம். கியோமி. ஒரே வரிதான், நாலஞ்சு எழுத்துத்தான் இருக்குது. இழுத்துப் புடிச்சு அமுக்கறேன், விரல் வழுக்குது, மறுபடியும் அமுக்கறேன். மழை இல்ல, வெயில் இல்ல, குளிர் இல்ல, காத்து இல்ல, மூணு வருசத்துல மொதத் தடவையா வானிலை இல்லாம ஒரு மெயில்.

"எத்தனை பேருக்கு?"

படிச்சு முடிக்கறதுக்கும் கரண்ட் போறதுக்கும் சரியா இருந்துது. ரெண்டு நிமிசம் முன்னாடியே புடுங்கிட்டானுக. ஸ்க்ரீன் கறுப்பாப் போயி அதுல என்ற மூஞ்சிதான் தெரியுது, கண்ணுல தண்ணியும் வாயில இளிப்புமா, பாக்கச் சகிக்கல. வெரல் விட்டு எண்ணிட்டு இருக்கேன், இவரு பக்கம் இருவத்தஞ்சு, எங்கண்ணன் வீடு எட்டு, சகுந்தலா, எதுத்த வீடு, டாக்டரம்மாவைக் கூப்புடோணும். ஃபேன் நின்ன அமைதியில அவ செருப்புச் சத்தம் கேக்குது.

"கண்ணு, இங்க வா. உங்கம்மா பள்ளிக்கூடத்துல ஒரு நாளைக்கி எத்தனை பேருக்குச் சமைப்பாங்க?"

கதவுகிட்ட நிக்கறா. என்ற மூஞ்சியைப் பாக்கறா, கறுத்துப்போன ஸ்க்ரீனைப் பாக்கறா, மறுபடியும் என்னைப் பாக்கறா. ரெண்டு கையும் வயித்து மேல போயிருச்சு.

"முந்நூத்தி இருவதுங்க, அத்தை."

"அப்ப நம்ம ஒறம்பரைக்குப் பத்தும்."